அந்தக் கையெழுத்து அப்பாவுடையது அல்ல

நிபுணரின் அறிக்கை வந்த அன்று வக்கீல் என்னை உட்காரவைத்துத்தான் படித்துக் காட்டினார். அப்பா வீட்டை எனக்கு எழுதிவைத்த உயிலில் ஒரு கையெழுத்து. உயில் பொய் என்று வழக்குப் போட்ட அண்ணன் கோர்ட்டில் கொடுத்த, அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்துக் கடன் விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து. இரண்டையும் போட்டது ஒரே ஆள் அல்லவாம். சாய்வு, அழுத்தம், பேனாவை எடுக்கும் இடம் என்று நான்கு பக்கம்.

"நிபுணர் சொல்றது அபிப்பிராயம்தான்மா. ஆனா உயில் சாட்சி ரெண்டு பேர்ல ஒருத்தர் இப்ப இல்ல. இன்னொருத்தர் உங்க சபை மூப்பர். உங்களுக்கு வேண்டியவர்னு சொல்லுவாங்க. பாதி வீட்டக் கொடுத்து ராஜி ஆயிடுங்க."

"பொய்க் கையெழுத்து போட்டவள்னு ஒத்துகினு பாதி வாங்கணுமா? வேணாங்க சார்," என்றேன்.

கல்தூசி நெஞ்சில் அடைத்துப் படுத்திருந்த அப்பாவைக் கடைசிவரை கழுவித் துடைத்தவள் நான். அண்ணன் பெங்களூரிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருவார், கேக் கொண்டுவருவார்.

நிபுணர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அப்பா சுரங்கத்தில் இருந்தவரை எழுதத் தெரியாதவர். பெருவிரலில் மை தடவ அவருக்கு அவமானம். ஷிப்ட் முடிந்து கேஜ் லிஃப்டில் மேலே வந்ததும், கூட வேலை செய்த மாமா எந்தத் தாளானாலும் அப்பா பெயரை எழுதிவிடுவார். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் பலருக்கும் அப்படித்தான் நடந்தது. சுரங்கம் மூடிய பிறகு, வேதத்தைத் தானே படிக்க வேண்டும் என்று என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார். "யார்கிட்டயும் சொல்லிடாத," என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பெங்களூருக்குப் போய்விட்ட அண்ணனுக்கும் சொல்லவில்லை.

மூன்று நாள் ஜெபித்தேன். நான்காம் நாள் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் இருந்த மாமா வீட்டுக்குப் போனேன். விண்ணப்ப நகலைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இன்னா மா, இது என் கையி. நல்லாத்தான் போட்டுகிறேன்."

"கோர்ட்ல வந்து சொல்லணும் மாமா. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"இந்த வயசுல என்னை சுரங்கத்துல எந்த லெவலுக்கு எறக்கப் போறாங்க? வரேன் போ."

கோலார் கோர்ட்டில் அண்ணனின் வக்கீல் அவரை மடக்கினார். "அப்போ படிச்ச நிபுணர் சொன்னது பொய்யா?"

"இல்லீங்க. அவரு சொன்னது சரி. ரெண்டும் ஒரே கையி இல்ல. உயில்ல இருக்கறது அவன்து. இது என்து."

நீதிபதி வெள்ளைத்தாள் கொடுக்கச் சொன்னார். மாமா இருமிக்கொண்டே அப்பா பெயரை எழுதி, கடைசி எழுத்தின் வாலை விண்ணப்பத்தில் இருப்பதுபோலவே சுழித்து முடித்தார். அப்பா பிற்காலத்தில் எழுதக் கற்றதைச் சொல்லி, நான் அவருடைய வேதப்புத்தகத்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் கிடைத்த வாக்குத்தத்த வசனத்தை அதன் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். உயிலில் உள்ள அதே கோணல் எழுத்து.

வராந்தாவில் அண்ணன் வழிமறித்தார். "அப்பாவ கைநாட்டுன்னு ஊரறியச் சொல்லிட்டியே. வெக்கமா இல்ல?"

"அம்பது வயசுக்கு மேல எழுதக் கத்துகினாருன்னும் சொன்னேன். அது உன் காதுல விழலியா அண்ணா?"

உயில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஒப்பிடக் கொடுத்த தாளே வேறொருவர் எழுதியது என்றால் நிபுணரின் கருத்துக்கு எடை இல்லை என்றார் நீதிபதி. மூப்பரின் சாட்சியை ஏற்றுக்கொண்டார்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறினேன். அதற்குக் கர்த்தரிடம் பதில் சொல்வேன். வேறு யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன்.