ஜெய்னப் கேட்ட சத்தம்

ஷௌகத் அலி ஓசூரில் இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே மெஷின் நிறுவ வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர், ஊர் திரும்பும்போது தன் பழைய எட்டு மில்லிமீட்டர் புரொஜெக்டரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு சின்ன ரீல். ஷௌகத்தின் மகள் அதியா முதன்முதலாக நடந்ததை எஞ்சினியர் தன் கேமராவில் எடுத்திருந்தார். அதற்கு வேறு பிரதி கிடையாது.

அந்த ரீலுக்காகவே ஷௌகத் புரொஜெக்டரை அடிக்கடி துடைத்துவைப்பார். பிலிம் போகும் தடத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்வார். பல் சக்கரங்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார். பின்பக்கத்து மோட்டாரை மட்டும் திறந்ததில்லை. அதில் கோளாறு வந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினார்.

எண்பத்தேழில் ரம்ஜான் பெருநாளுக்கு மறுநாள் குந்தாரப்பள்ளியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஜன்னலைப் போர்வையால் மூடிப் படம் போட்டார். அதியா இரண்டு கைகளையும் விரித்துக் காலைத் தூக்கும் இடத்தில் படம் அப்படியே நின்றது. அவள் கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றி, குமிழியிட்டு, முகம் முழுவதும் பரவியது. ஷௌகத் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவதற்குள் அறையில் கருகல் வாடை வந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு மோட்டாரைத் திறந்தார். உள்ளே எண்ணெய் காய்ந்து கறுப்புப் பொடியாகியிருந்தது. அதனால் மோட்டார் இறுகி நின்றுவிட்டது. பிலிமும் நின்றது, பல்பைக் குளிர்விக்கும் காற்றாடியும் நின்றது. பல்பின் சூடு ஒரே இடத்தில் விழுந்து பொசுக்கிவிட்டது.

மனைவி ஜெய்னப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு மாசமா கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டுதானே இருந்துச்சு? ஏன் எண்ண போடாம உட்டீங்க?" என்றாள்.

"எது கத்துச்சு?"

விளையாடுகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் மோட்டாரைக் கையால் சுற்றிவிட்டு, எண்ணெய் போடாமலே ஓடவிட்டார்.

"இப்பக் கத்துதா?"

"ஆமாங்க. பல்லு கூசுது."

ஷௌகத் காதைத் தகரத்தோடு வைத்து அழுத்தினார். மோட்டாரின் உறுமல் மட்டும்தான் கேட்டது.

பேச்சு கேட்கிறது, பஸ் ஹாரன் கேட்கிறது. மெல்லிய சத்தம் மட்டும் எப்போது போனது என்றே அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. கருகிய ரீலைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது. பிரஸ்ஸில் கூட வேலை செய்யும் ராமப்பன் கையை உள்ளே விட்டுத் தகடு வைப்பான். ஷௌகத் பெடலை மிதிப்பார். பிரேக் தேய்ந்தால் முதலில் இப்படித்தான் ஒரு கீச்சொலி வரும். உடனே மெஷினை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்காமலே மேல் அச்சு மறுபடி இறங்கிவிடும். அந்தச் சத்தத்தைக் கவனிப்பது ஷௌகத்தின் பொறுப்பு.

சொன்னால் வேலை போய்விடுமோ என்று சில நாள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் ராமப்பனின் விரல்களையே பார்த்தார். கால் தயங்கியது, வேலை மெதுவானது. ஃபோர்மேன் ஆஞ்சப்பன் இரண்டு தடவை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். வீட்டில் ஜெய்னப்பிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

 "வேல போனா வேற பாத்துக்கலாங்க. அந்த அண்ணனுக்கு வெரலு போனா நம்மளால குடுக்க முடியுமா?" என்றாள்.

மறுநாள் ராமப்பனை வைத்துக்கொண்டே ஃபோர்மேனிடம் சொன்னார். ராமப்பன் கைகளை மெதுவாக வெளியே எடுத்தான். அவரைப் பார்க்கவில்லை. பிரேக்கைப் பிரித்துப் பார்த்தார்கள், நன்றாகவே இருந்தது. 

இ.எஸ்.ஐ. டாக்டர் பரிசோதித்துவிட்டு, வருடக்கணக்காகப் பிரஸ் சத்தத்தில் நின்றதால் வந்தது, போன செவி திரும்பாது என்றார். வேலையிலிருந்து நீக்கவில்லை, ஸ்டோருக்கு மாற்றினார்கள். வீட்டில் ஷௌகத் பொசுங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு ரீலை ஒட்டவைத்தார். இப்போது அதில் அதியா காலைத் தூக்குகிறாள். அடுத்த நொடி அம்மாவின் மடியில் இருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமப்பன் வீட்டுக்கு வந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டே மூலையில் இருந்த புரொஜெக்டரைப் பார்த்தான்.

"பாய், அந்த மெஷின்ல எனக்கும் காது கேக்குதான்னு ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க."

அவனைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்கள். ஷௌகத், எண்ணெய் போட்டுச் சரிசெய்திருந்த மோட்டாரை ஓடவிட்டார். கீச்சொலி கேட்கும்போது கையைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஜெய்னப் அதியாவின் பல்பத்தை எடுத்துச் சுழலும் சக்கரத்தில் கீச்சிடும்படி வைத்தாள். வலி தாங்காதவள்போல் அவள் முகம் சுருங்கியது. ராமப்பனின் கை மடியிலேயே கிடந்தது. அவள் பல்பத்தை எடுத்தாள். சற்றுப் பொறுத்து அவன் கையைத் தூக்கினான்.

"இப்பத்தானுங்களே?" என்று கேட்டான்.

ஜெய்னப் கணவரைப் பார்த்தாள். ஷௌகத் மோட்டாரை அணைத்துவிட்டு, நாளைக்கே டாக்டரிடம் போகலாம், நானும் கூட வருகிறேன் என்று அவனிடம் சொன்னார்.