ஒரு ‘இல்லை’க்காக மல்லுக்கட்டிய ஆரோக்கியராஜ்

திங்கட்கிழமை காலை விழுப்புரம் அலுவலகத்தில் கணினியைத் திறக்கும்போது திண்டிவனத்திலிருந்து தகவல் வந்தது. எங்கள் ஆரோக்கியராஜ் மாரடைப்பில் காலமாகிவிட்டார். வெள்ளிக்கிழமைதான் என்னோடு சண்டை போட்டுவிட்டு ரயில் ஏறினார். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் எழுதிய நிரலில் அவர் குற்றம் காணாத நாள் கிடையாது.

கரும்பு விவசாயிகளுக்காக ஓர் இணையதளம் செய்தோம். சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டதா என்று அவர்கள் காலையில் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். முக்கால்வாசிப் பேருக்குப் பதில், ‘இல்லை’ என்பதுதான். அந்தப் பதிலை நான் எக்ஸெப்ஷனாக, அதாவது விதிவிலக்காக நேரும் கோளாறாக, எழுதியிருந்தேன். கோளாறு என்றால் சர்வர் லேசில் விடாது. எங்கே தொடங்கி, எந்த வழியாக வந்து விழுந்தோம் என்று முழுக் கதையையும் எழுதிவிட்டுத்தான் பதில் சொல்லும்.

“தெனம் நடக்கறதுக்குப் பேரு விதிவிலக்கா சார்? கடையில உப்பு இருக்குதான்னு கேட்டா இல்லன்னு சொல்லுவானா, ஷட்டர எறக்கிட்டு போலீசுக்கு போன் பண்ணுவானா?” என்பார்.

“வேலை செய்யுதில்ல? விடுங்க” என்பேன்.

அரைவை தொடங்கிய வாரம் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்க, அத்தனை ‘இல்லை’க்கும் கதை எழுதியே தளம் படுத்துவிட்டது. உத்தரவு வந்தவர்களுக்கும் அது தெரியவில்லை. வளவனூர்க்காரர் ஒருவர் நேரில் வந்து, “கரும்பு காஞ்சிக்கினு கெடக்குது, நீங்க இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?” என்று கத்தினார். “தப்பு எங்க மேலதாங்க” என்று கும்பிட்டவர் ஆரோக்கியராஜ். நான் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் வீம்பை விடாமல் பெரிய சர்வராக மாற்றினேன். அதற்கும் மூச்சு வாங்கியது. அவரோ சாதாரணமாக ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும்படி அந்த இடத்தைத் திருத்தி, என் ஒப்புதலுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமைச் சண்டை அதற்குத்தான். “ஒரே ஒரு பட்டன் சார், ஜல்தியா அமுக்கி உடுங்க” என்றார். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன்.

அவரைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த மறுநாள் அந்தப் பட்டனை அமுக்கினேன். தளம் உடனுக்குடன் பதில் சொன்னது. இதற்கா இத்தனை நாள் என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

சிறிது நேரத்தில் அவர் மனைவி அழைத்தார். “அண்ணா, அவரு போனுக்கு உங்க பேர்ல என்னமோ இங்கிலீஷ்ல வந்திருக்குது. ஆபீஸ்ல அவரு ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாரா?”

“தப்பு என்னுதும்மா. அவரு சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கினு நான் பட்டன் அமுக்கினதும் தானா போன தகவல் அது.”

பிறகு, “ஸ்பீக்கர்ல போட்டு அவரு படத்துக்கிட்ட வெக்கிறேண்ணா. அவருகிட்டயே சொல்லிடுங்க” என்றார்.

“நீங்க சொன்னதுதான் சரி, ஆரோக்கியராஜ்” என்றேன். “போயிட்டு வாங்க.”