முந்தின நாளே எழுதி முடித்த ரிப்போர்ட்

1

"சார், ரிஜிஸ்ட்ரார் வந்துக்கினு கீறாரு!"

ஆபீஸ் அசிஸ்டென்ட் முனுசாமி ஓடிவந்து சொன்னபோது ஹாலில் நூற்றிருபது நாற்காலிகள் இருந்தன. ஆள் ஏழே பேர். நூற்றிருபது பேர் கலந்துகொண்டு பெரிதும் பயனடைந்ததாக ரிப்போர்ட் அன்று காலையிலேயே ரிஜிஸ்ட்ரார் மேஜைக்குப் போயிருந்தது. முந்தின நாளே அதை எழுதி வைத்த புண்ணியவான் நான்.

தரமணிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஆராய்ச்சி மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டும் பிரிவில் நான் சூப்பிரண்டெண்ட். பி.எச்டி. முடிப்பவர்கள் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது, இன்டர்வியூவில் என்ன பேசுவது என்று சொல்லித்தர ஓர் அதிகாரி இருந்தார். பெயர் பிலோமினா. சாந்தோமிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஊருக்கெல்லாம் நல்ல வேலைக்கு வழி சொன்ன அவருடைய வேலை, பதினோரு மாத கான்ட்ராக்ட். அதைப் புதுப்பிக்கும்போது மேலிடம் பார்ப்பது ஒன்றைத்தான்: எத்தனை பேர் கலந்துகொண்டார்கள். அந்த மாதம் அவருடைய ஃபைல் ரிஜிஸ்ட்ராரிடம் இருந்தது.

அவருக்குத் துணை செய்வது என் வேலை. ஹால் பிடிப்பேன், பேனர் அடிப்பேன், போண்டாவுக்குச் சொல்லுவேன், ரிப்போர்ட் எழுதுவேன். கடைசி வேலையை மட்டும் முதலில் முடித்துவிடுவேன். தேதியையும் தலைப்பையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் எப்போதும் நடப்பதுதானே. ஒருமுறை தீசிஸ் எழுதும் பயிற்சியின் ரிப்போர்ட்டில் "பின்னர் மரக்கன்றுகள் நடப்பட்டன" என்ற பழைய வரி அப்படியே போய்விட்டது. ஒருத்தரும் கேட்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

2

சர்டிபிகேட்டைச் சாயங்காலம்தான் தருவது வழக்கம். அதற்காகவே கூட்டம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அன்று பிலோமினா காலையிலேயே மைக்கைப் பிடித்து, "சர்டிபிகேட்டை இப்பவே வாங்கிக்கோங்க. வேலை இருக்கறவங்க தாராளமா கிளம்பலாம்" என்றார். நான் அவரிடம் ஓடினேன்.

"என்ன மேடம், இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நிஜமா யாருக்கு வேணும்னு ஒரு தடவையாவது தெரியணும் சார்."

தெரிந்தது. சர்டிபிகேட் ஒரு கையிலும் போண்டா இன்னொரு கையிலுமாக எல்லோரும் போய்விட்டார்கள். மிஞ்சிய ஏழு பேரை அவர் வட்டமாக உட்காரவைத்தார். ஒரு பெண் கேட்டாள்: "வேலைக்கு அப்ளை பண்றேன்னு என் கைடுகிட்ட எப்படி மேடம் சொல்றது? சொன்னா தீசிஸ்ல கையெழுத்துப் போட மாட்டாரு."

பிலோமினா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, கைடாகவே மாறி, "இப்ப என்னம்மா அவசரம்?" என்றார். அந்தப் பெண் முதல் தடவை "ஒண்ணுமில்ல சார்" என்று பின்வாங்கிவிட்டாள். மூன்றாவது தடவை குரல் நடுங்காமல் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் உள்ளே நின்று கவனித்த முதல் பயிற்சி அதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் முனுசாமி ஓடிவந்தார்.

3

ரிஜிஸ்ட்ரார் கையில் ரிப்போர்ட்டோடு வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"நூத்தியிருவது பேர்னு நீங்கதானம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க? மத்தவங்கள்லாம் எங்க?"

பிலோமினா தாளை வாங்கிப் படித்தார். இப்போதுதான் முதல்முறை படிக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஹால் அனுமதிக் கடிதத்தோடு சேர்த்து நீட்டி, "இங்கயும் ஒண்ணு மேடம்" என்று கையெழுத்து வாங்கியவன் நான்.

எனக்கு ரிடையராக நாலு மாதம். வாயை மூடிக்கொண்டிருந்தால் பென்ஷன் பத்திரம். மூடிக்கொண்டுதான் நின்றேன். இன்றைக்கும் அது வெட்கமாக இருக்கிறது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "என் கையெழுத்துதான் சார்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "எழுதினது நான் சார். நேத்தே எழுதிட்டேன். மேடம் படிக்கல."

"நேத்தேவா? நீங்க என்ன ஜோசியராய்யா?"

எனக்கு மெமோ வந்தது. கூடவே ஓர் உத்தரவு: ஊழியர்களுக்கு ரிப்போர்ட் எழுதும் பயிற்சி நடத்தப்பட வேண்டும், நடத்துபவர் பிலோமினா, அது முடிந்த பிறகே அவருடைய கான்ட்ராக்ட் ஃபைல் பார்க்கப்படும்.

அந்தப் பயிற்சியன்றும் அவர் சர்டிபிகேட்டைக் காலையிலேயே கொடுத்தார். நாற்பது பேர் வாங்கினோம். முப்பத்தொன்பது பேர் கிளம்பினார்கள். என் ஒருவனுக்கு அவர் சாயங்காலம்வரை சொல்லிக்கொடுத்தார்.

ரிப்போர்ட்டை மறுநாள் எழுதினேன்: "சர்டிபிகேட் பெற்றவர்கள் நாற்பது. கலந்துகொண்டவர் ஒருவர்."

"நாப்பதுன்னு மட்டும் போட்டுடட்டுமா மேடம்? உங்க ஃபைல் அங்கதான இருக்கு" என்று கேட்டேன். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு ஓர் எழுத்தையும் மாற்றாமல் அப்படியே கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஃபைல் திரும்பி வந்தது. பதினோரு மாதம் புதுப்பித்திருந்தார்கள். ரிப்போர்ட்டின் ஓரத்தில் ரிஜிஸ்ட்ரார் பச்சை மையில் எழுதியிருந்தார்: "பங்கேற்பு நாற்பது. திருப்தி."

புதிதாக வேலையில் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நடந்ததை, நடந்த பிறகு எழுதுங்கள். யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் உண்மையையே எழுதலாம்.