கிராணி கவிழ்த்த மூன்று ராஜாக்கள்

மூன்று ராஜாக்கள். எழுபதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில், என் வீட்டுக்காரர் அந்த மூன்று சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவர் தோட்டத்துக் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். நான் பங்களாவில் சமையல். மழை விடாத நாட்களில் துரைக்குப் பொழுது போகாது. கிராணிகளைக் கூப்பிட்டு, காசுக்குப் பதில் தீக்குச்சி வைத்துப் போக்கர் ஆடுவார். தேநீர்த் தட்டோடு போக வரப் பார்த்தே நான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். வீட்டில் இவருக்கு நான்தான் வாத்தியார். ஜோடியைவிட இரண்டு ஜோடி பெரிது, அதைவிட ஒரே மாதிரி மூன்று சீட்டு பெரிது. எதிராளி குச்சியை ஏற்றினால் நாமும் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துத் தோற்றுக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான்! ஒரு வாரம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். "கையில ஒண்ணுமில்லாமலே தொரை ஏத்துவாருங்க, பயந்துடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார்.

எங்கள் வீட்டுத் தகரக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மகளுக்கு இழுப்பு. மனு எழுதி எழுதி இவர் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அன்று குஷியில் இருந்த துரை, "இந்த ஆட்டம் நீ ஜெயிச்சா நாளைக்கே புதுத் தகரம் லா!" என்று சொல்லிவிட்டு, தன் குச்சிகள் அத்தனையையும் நடுவில் தள்ளினார். பின்னால் நின்ற எனக்கு ராஜாக்கள் மூன்றும் தெரிந்தன. தள்ளுங்க, தள்ளுங்க என்று மனசுக்குள் கத்தினேன். மனுஷன் என்ன செய்தார்? மரியாதையாக எழுந்து நின்று சீட்டைக் கவிழ்த்து வைத்தார்! துரை சிரித்தபடி தன் சீட்டைக் காட்டினார். ஒரு ஜோடிகூட இல்லை.

"ஐயோ, மூணு ராஜா வச்சிருந்தீங்களே!" வாய்விட்டே கத்திவிட்டேன்.

"தொரை ஏத்துறப்ப நான் எப்படி புள்ள எதிர்த்து ஏத்துறது?" என்றார் அடிக்குரலில்.

துரை என் பக்கம் திரும்பினார். "ஓ, உனக்கு ஆட்டம் தெரியுமா? உட்காரு, நீ ஆடு. அதே தகரந்தான் பந்தயம்." நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார்.

"வேணாங்க தொரை, அடுப்புல வேலை கெடக்கு" என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அந்த மழைக்காலம் முழுக்க மகளைத் தூக்கிக்கொண்டு ஒழுகாத மூலையாகத் தேடினோம். இப்போது பக்கத்து ஊரான ரிங்லெட்டில் அவள் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம். கோபம் வந்தால் அந்த ஆட்டத்தைச் சொல்லித்தான் இவரை இன்னும் வறுத்தெடுக்கிறேன். "நீ மட்டும் உட்கார்ந்தியா?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.