மணி கடித்த எலும்பு

மன்னவனூரில் வடிவு வீட்டுக் கொல்லையில் போன மார்கழி முழுக்க எலும்பு வெந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அழகம்மாளுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏ வடிவு, தினமும் எலும்பு வேகுது, குழம்பு வாசனையே காணோமே. மந்திரம் கிந்திரம் வைக்கிறீகளா?"

"மந்திரமில்ல அத்தாச்சி, படிப்பு" என்று சொல்லிவிட்டு வடிவு அடுப்பை ஊதினாள்.

வடிவு பள்ளங்கியில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். புருசன் சிவமுருகன் பூண்டும் கேரட்டும் போடுகிறவர், ஒரு பட்டி ஆடும் வைத்திருப்பவர். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசி, அழுது, எப்போதோ ஆறிவிட்டார்கள். வெள்ளனே காட்டுக்குப் போவாள், திரும்பி வந்து சமைப்பாள், பொழுது சாய்ந்தால் மணி என்கிற செவலை நாயிடம் ஊர்க்கதை பேசுவாள். அவளுக்கு இந்த வாழ்க்கை பிடித்திருந்தது.

மாடி அறைக்கு வாடகைக்கு வந்த தமயந்திதான் எலும்பு வேலையைக் கொண்டுவந்தாள். பழனிக்காரி, ஆதிகால எலும்புகளை ஆராய்கிறவள்.

"மண்ணுக்குள்ள கெடைக்கிற எலும்புல கீறல் இருக்குங்கக்கா. மனுசன் கல்லால அறுத்ததா, மிருகம் கடிச்சதான்னு தெரியணும். அதுக்கு நாமளே கல்லால கறி அறுத்து, எப்படிக் கோடு விழுதுன்னு பாக்கணும். குளிர் ஊருன்னா கறி சீக்கிரம் கெடாது, அதான் இங்க வந்தேன்."

கல்லைக் கல்லால் தட்டிச் சில்லு எடுத்து, அந்தச் சில்லால் ஆட்டுத்தொடையை அறுப்பாள் தமயந்தி. மிச்சம் ஒட்டியிருக்கிற சதை கழன்று வர எலும்பை மெதுவாக வேகவைப்பது வடிவின் சோலி. கத்தி படக்கூடாது, கிளறக்கூட மரக்கரண்டிதான்.

ஒருநாள் காலையில், வேகவைக்கத் தாம்பாளத்தில் எடுத்து வைத்திருந்த தொடை எலும்பைக் கொல்லையிலேயே விட்டுவிட்டு விறகெடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தால் தாம்பாளம் காலி. வேலிக்கு அந்தப் பக்கம் மணியின் வால் மட்டும் தெரிந்தது.

வடிவு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"ஏ, பாத்திய மிதிக்காதடி!" என்று சிவமுருகன் கேரட்டுக் காட்டிலிருந்து கத்தியது அவள் காதில் ஏறவில்லை. வைக்கோல் போருக்குப் பின்னால் எலும்பைக் காலிடுக்கில் வைத்து மணி ஆனந்தமாகக் கடித்துக்கொண்டிருந்தது. கெஞ்சி, மிரட்டி, கடைசியில் ஒரு கருவாட்டுத் துண்டைக் காட்டித்தான் பிடுங்க முடிந்தது. ஒரு முனையைப் பூராவும் மென்று வைத்திருந்தது.

எலும்பைக் கழுவிக் கையில் ஏந்திக்கொண்டு மாடியேறினாள். "தமயந்தி, நாய் கொண்டுபோயிருச்சும்மா. என் கவனக்குறைவுதான். உன் உழைப்பெல்லாம் வீணாப்போச்சே."

தமயந்தி எலும்பை வாங்கி வேகவைத்து, காயவைத்து, மறுநாள் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வடிவு வாசல்படியிலேயே நின்றாள். திடீரென்று தமயந்தி சிரித்தாள்.

"அக்கா, இங்க வந்து பாருங்க."

வடிவு ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். கல்லால் அறுத்த கோடு மெல்லிசாக ஓடியது. கோட்டுக்குள்ளேயே நூல் நூலாக இன்னும் சின்னக் கோடுகள். நடுவில் வட்டமாக ஒரு குழி.

"குழி மேல இருக்கா, கோடு மேல இருக்கா?"

"கோட்டை அமுக்கிக்கிட்டுக் குழி கெடக்கு."

"அப்ப முதல்ல நான், பொறவு மணி. பழைய எலும்புலயும் யாரு முந்துனதுன்னு இப்படித்தாங்கக்கா பாக்குறது."

பிறகு வேறொரு எலும்பின் படத்தைக் காட்டினாள், ஏதோ ஆற்றங்கரையில் கிடைத்தது. அதில் குழியின் மேல் கோடு ஓடியது.

"இதுல மிருகம் முந்தியிருக்கு" என்றாள் வடிவு. "அது தின்னுட்டுப் போட்ட மிச்சத்தை நம்மாளு எடுத்துக்கிட்டானா?"

"இருக்கலாம். தின்னுக்கிட்டிருந்ததை வெரட்டிட்டுப் பிடுங்கியும் இருக்கலாம். அதை எலும்பு சொல்லாது."

"கருவாடு இல்லாம எப்படிப் பிடுங்குனானோ!" வடிவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

படத்திலிருந்த எலும்பு நடுவில் உடைந்திருந்தது. உள்ளே இருக்கிற நல்லியை உறிஞ்சக் கல்லால் அடித்து உடைத்தது என்றாள் தமயந்தி. வடிவு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். ஆதிமனிதன் என்றால் கூச்சல் போடுகிற காட்டு ஆள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இப்போது யாரோ பசியோடு உட்கார்ந்து சாப்பிடுவது தெரிந்தது.

"உடைச்சுப் பிள்ளைக்குக் குடுத்திருப்பாளோ?"

"அது தெரியாதுங்கக்கா."

"குடுத்திருப்பா" என்றாள் வடிவு.

அதற்குப் பிறகு மணிக்கு யோகம். அறுத்த எலும்புகளில் பாதி வேண்டுமென்றே அதற்குத்தான் போனது. கொஞ்ச நேரம் கடிக்க விட்டு வாங்கிவருவது வடிவின் பொறுப்பு. நாய்க்குச் சம்பளம் கிடையாதா என்று சிவமுருகன் கேலி செய்தார்.

இந்த வருசமும் தமயந்தி வந்திருக்கிறாள். ஆட்டுக் குளம்பு மிதித்தால் எலும்பில் என்ன தடம் விழும் என்று பார்க்க வேண்டுமாம். ஆடு அதிகம் நெருக்கியடிக்கிற இடம் பட்டிக் கதவோரம்தான் என்று வடிவு காட்ட, இரண்டு பேருமாக அங்கே எலும்புகளைப் புதைத்தார்கள். சாரல் பிடித்துக்கொண்டது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வடிவு கதவைத் திறந்துவிட்டாள். ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே போயின.

"இன்னொரு வாட்டி வெளிய விட்டு உள்ள அடைக்கட்டா?" என்று உற்சாகமாகக் கேட்டாள்.