துரை விட்டுப்போன ஹீட்டர்

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது, பங்களாவில் இருந்த மின்சாரச் சாமான்களை யாருக்கு உபயோகப்படுமோ அவர்களிடம் சேர்த்துவிடும்படி பெரிய கிளாக்கரிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லாமே நன்றாக வேலை செய்தவை. நான் அப்போது இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்தில் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி. விஷயம் காதில் விழுந்ததும் என் மனம் நேராக ஹீட்டரிடம்தான் போனது. தை மாதப் பனியில் எங்கள் மலையில் தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். பிறந்த குழந்தை எம்மாத்திரம்? பிரசவ அறையில் கரிச்சட்டி வைத்தால் புகை மூச்சை அடைக்கும். வெந்நீர்ப் போத்தல் சீக்கிரமே ஆறிவிடும். சுவரில் ஒரு பிளக் மட்டும் சும்மா இருந்தது.

ஆனால் துரை வீட்டுச் சாமான் மேலிருந்து இறங்கி வருவதற்கு எங்கள் தோட்டத்தில் ஒரே வழிதான்: உத்தியோக வரிசை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கரண்டு கிடையாது என்பதால் வரிசை லயத்துக்கு முன்பே முடிந்துவிடும். ரேடியோவும் ஹீட்டரும் பெரிய கிளாக்கருக்கு. வெந்நீர்க் கேத்தல் தேயிலை ஆலையைப் பார்க்கும் டீமேக்கருக்கு. டோஸ்டர் மருந்துக்காரருக்கு. வரிசையின் வாலில் நின்ற எனக்கு இஸ்திரிப் பெட்டி. இருப்பது நாலு சேலை, அதற்கு ஒரு மின்சாரப் பெட்டி! சிரித்துக்கொண்டே வாங்கி, பிரசவ அறை மூலையில் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற தலை. கை கால் எல்லாம் நீலம். தாய்க்கோ குளிர்காய்ச்சல். குழந்தையைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக் கூலிப் பெண்ணின் நெஞ்சோடு அணைக்கக் கொடுத்துவிட்டு, பெரிய கிளாக்கர் வீட்டுக்கு ஓடினேன்.

முன் அறையில் குளிர்காயும் விறகடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. அதற்கு எதிரேதான் ஹீட்டர். மேலே பின்னல் துணி விரித்து, அதன்மேல் ஒரு பூச்சாடியும் வைத்திருந்தார்கள்.

"ஐயா, ஏழு மாசப் புள்ள ஒன்னு பொறந்திருக்குங்க. சூடு இல்லாட்டி தாங்காது. ரெண்டு வாரத்துக்கு அந்த ஹீட்டரக் குடுங்க, பத்திரமா கொண்டாந்து வச்சிடுறேன்."

"தொர எனக்குன்னு விட்டுட்டுப் போனது. அத இன்னொரு எடத்துல வச்சா அவருக்கு மரியாதையா இருக்குமா?"

துரை கப்பலேறி ஒரு மாதமாகிறது, அவர் எங்கே வந்து பார்க்கப்போகிறார் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். என் வேலையும் நான் படுக்கும் அறையும் அந்த மனிதரின் ஒரு கையெழுத்தில் இருந்தன. தோட்டத்து ஆட்கள் பலரையும்போல் குடியுரிமைக் காகிதம் இல்லாத எனக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலும் இடமில்லை. போவதென்றால் எங்கே போவது? எரிச்சலில் கண்ணீர் முட்டியது.

திரும்பி வந்து அறைக்குள் நுழைந்தபோது மூலையில் இருந்த இஸ்திரிப் பெட்டி கண்ணில் பட்டது. பிளக்கில் செருகினேன். பழைய, மெத்தென்ற பனல் துணியை ஆறாகக் கிழித்து, ஒவ்வொன்றாகத் தேய்த்து, என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக் குழந்தையைச் சுற்றினேன். ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது. கூலிப் பெண்ணும் நானும் முறை வைத்துத் தேய்த்தோம். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. நாலாம் நாள் நீலம் மாறியது. ஆறாம் நாள் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

அதற்கு மறுநாள் பெரிய கிளாக்கர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார். குழந்தையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? அந்தப் பொட்டியே போதுமா இருக்கு. யாருக்கு எது தேவைன்னு பாத்துத்தானே குடுத்தேன்!"

தாய் படுக்கையிலிருந்தபடியே அவரைக் கும்பிட்டாள்.

இனி ஹீட்டரைக் கேட்க என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை என்று அந்த நிமிஷம் புரிந்தது. இந்தக் குழந்தை போயிருந்தால் ஒருவேளை ஹீட்டர் வந்திருக்கும். குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டே அப்படி நினைத்தேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

குழந்தையைச் சுற்றியிருந்த துணி ஆறத் தொடங்கியிருந்தது. "ஆமாங்கய்யா" என்று சொல்லிவிட்டு, அடுத்த துணியை எடுத்து மேசையில் விரித்தேன்.