எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு

காந்திபுரத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். பஞ்சாலை, பம்ப் கம்பெனி, கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெப்சைட் செய்து, அத்தனையையும் ஒரே சர்வரில் வைத்துப் பராமரிக்கிறோம். சைட்டுக்கு இடம் ஒதுக்குவது, மெயில் முகவரி திறப்பது, பேக்கப் எடுப்பது எல்லாமே கன்ட்ரோல் பேனல் என்கிற ஒரு திரையில் நடக்கும். சைட்டுகள் கூடக் கூடப் பழைய பேனலின் கட்டணமும் ஏறிக்கொண்டே போனதால், வேறொன்றைத் தேடும் வேலை என்னிடம் வந்தது.

என் தேவைகளை வரிசையாக எழுதினேன். ஒன்று, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கணக்கு. ஒருவர் உள்ளே வந்தால் அவருடைய சைட் மட்டுமே அவர் கண்ணில் பட வேண்டும். இரண்டு, பேக்கப் நகல்கள் அதே சர்வரில் இல்லாமல் வெளியே வேறோர் இடத்தில் சேர வேண்டும். மூன்று, பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமில்லாமல் வர வேண்டும். பேனலைத் தேர்ந்தெடுக்க அலுவலகத்தில் கூடியபோது இந்த மூன்றைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை.

பேசியதெல்லாம் வேறு. எங்கள் டிசைனருக்கு ஒரு பேனலின் பட்டன்கள் வட்டமாக இருந்தது பிடித்துவிட்டது. விற்பனை பார்ப்பவர், எதில் நம் கம்பெனியின் லோகோவைப் பெரிதாகப் போடலாம் என்று கேட்டார். முதலாளி, திரையில் காட்டிய மூன்று பேனல்களையும் கல்யாணப் புடவை பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்த்தார். கடைசியில் இலவசமாகக் கிடைத்த ஒன்றில் கை வைத்தார். அதில் தனிக் கணக்கே கிடையாது. எல்லா சைட்டும் ஒரே பட்டியலில், ஒரே பாஸ்வேர்டுக்குள்.

"இது சுளுவா இருக்குதுங்க அம்மணி. ஒரே பாஸ்வேர்டு. கேட்டாக் குடுத்துப்போடலாம்."

"யாருக்குங்க சார்?"

"கஸ்டமருக்குத் தானுங்க."

"இப்ப இருக்கறத யாருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க?"

"கேட்டவங்களுக்கு மட்டுந்தானுங்க. கேக்காதவங்களுக்குக் குடுக்கலீங்களே."

இதை அவர் ஒரு கட்டுப்பாடு போலவே சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. வாடிக்கையாளர் ஒருவர் எதைக் கேட்டாலும் மறுப்பது மரியாதைக் குறைவு என்று நம்புகிறவர். சர்வருக்கு மரியாதை தெரியாது என்பதுதான் சிக்கல்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அன்னூரில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் அக்கா. எலுமிச்சை, முருங்கை, தென்னங்கன்று விற்கிறவர். அவருக்குக் கடை கிடையாது. ஆர்டர் முழுவதும் சைட்டில்தான் வருகிறது. ஆடியில் நடவு தொடங்கும்போது வரும் ஆர்டர்தான் அவருடைய வருடம்.

"அந்த அக்கா சைட்டுல வேற யாராச்சும் கை வச்சுட்டா என்னங்க சார் பண்றது?"

"யாருங்க கை வைக்கப் போறாங்க? எல்லாம் நம்ம ஆளுங்க. ஒறம்பரை வந்தா ஊட்டுக்குள்ள வராதீங்கன்னா சொல்லுவோம்?"

உறவினர்களை வீட்டுக்குள் விடுவதும் சர்வர் முழுவதையும் திறந்துவிடும் பாஸ்வேர்டைக் கொடுப்பதும் அவருக்கு ஒன்று. அந்த இலவசப் பேனலைப் புது சர்வர் ஒன்றில் போட்டு, முதலில் சில சைட்டுகளை மட்டும் அதற்கு மாற்றிப் பார்ப்பது என்று முடிவானது. பழைய சர்வரை மாதம் முடியும்வரை அணைக்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையை மட்டும் நான் போராடி வாங்கினேன். மாறிய சைட்டுகளில் நாற்றுப்பண்ணையும் இருந்தது, ஒரு பம்ப் கம்பெனியும் இருந்தது.

பம்ப் கம்பெனிக்காரரின் மருமகன் என்ஜினியரிங் படித்தவர். படங்கள் ஏற்ற வேண்டும் என்று எங்கள் முதலாளியிடம் பாஸ்வேர்டு கேட்டார். கிடைத்தது. அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், நான் நாற்காலியில் உட்காருவதற்குள் அவரிடமிருந்து போன்.

"ஏனுங்க, சும்மா ஒரு தகவலுக்குத் தானுங்க கூப்பிட்டேன். நம்ம சர்வருல கண்டதும் கெடந்துச்சுங்க. எங்க சைட்டு லேட்டாத் தொறக்குதேன்னு பார்த்தா எடமே இல்லீங்க. உங்களுக்கு வேலை சாஸ்தி இருக்கும், தொந்தரவு பண்ண வேண்டாம்னு நானே க்ளீன் பண்ணிப்போட்டனுங்க."

"எதையெல்லாம் எடுத்தீங்க?"

"நாத்து, செடின்னு ஏதோ ஒண்ணு இருந்துச்சுங்க. ஏதோ டெமோவாட்ட இருந்துச்சு. டேட்டாபேஸும் அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு, மிச்சம் வச்சு என்ன பண்றதுன்னு அதையும் டிக் பண்ணிட்டேன். பழைய ஜிப் ஃபைலும் நெறைய இருந்துச்சுங்க."

அந்த ஜிப் ஃபைல்கள்தான் பேக்கப். அந்தப் பேனல் அவற்றையும் அதே சர்வரிலேயே அடுக்கி வைத்திருந்தது. ஆர்டர் வந்து விழும் மெயில் பெட்டியும் சைட்டோடு சேர்ந்து போயிருந்தது. இன்னொருவர் வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டு, கூலி வேண்டாம் என்று சொல்லும் குரலில் அவர் பேசினார். நான் நன்றி சொல்வேன் என்று சற்று நேரம் காத்திருந்ததாகவும் தோன்றியது.

பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்ததால் மத்தியானத்துக்குள் அக்காவின் சைட்டை மறுபடி ஓட வைத்துவிட்டேன். மாற்றிய நாளுக்குப் பிறகு வந்த ஆர்டர்கள் மட்டும் போனது போனதுதான். முதலாளி அக்காவுக்குப் போன் செய்து, "சின்னதா ஒரு வேலை ஓடிட்டிருக்குதுங்க" என்று ஆரம்பித்தார். மழை பற்றி விசாரித்தார். பண்ணையில் தண்ணீர் எப்படி என்று கேட்டார். நான் போனை வாங்கி, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அக்கா சத்தம் போடவில்லை. "ஏங்கண்ணு, என்ற கடைச் சாவிய ஊருக்கெல்லாம் குடுத்து வச்சிருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆர்டர் போட்டவர்கள் மறுபடி கூப்பிடுமாறு சைட்டின் முகப்பில் ஓர் அறிவிப்பு போட்டோம். சிலர் கூப்பிட்டார்கள். கூப்பிடாதவர்கள் யார், எத்தனை கன்று கேட்டார்கள் என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. இதே பேனல்தான் என்றால் சைட்டைக் கழற்றிக்கொண்டு வேறு இடம் போவதாகவும் அக்கா சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு பட்டன் வட்டமா சதுரமா என்று யாரும் பேசவில்லை. தனிக் கணக்குள்ள பேனலை நானே நிறுவினேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாஸ்வேர்டு. முதலாளி இப்போது கேட்பவருக்கெல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம், அவரவருடையதை. அவருடைய குணத்தை மாற்றுவதைவிட சர்வரை மாற்றுவது எளிதாக இருந்தது. அக்காவின் சைட்டை முதலில் ஏற்றினேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு, எங்களிடமே இருப்பதாகச் சொன்னார்.

மற்ற சைட்டுகளையும் மாற்றி முடித்த வாரம் பம்ப் கம்பெனி மருமகன் மறுபடி கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"ஏனுங்க, உள்ள போனா எங்க சைட்டு ஒண்ணு மட்டுந்தானுங்க இருக்குது. மத்ததெல்லாம் எங்கீங்க? நான் இந்தவாட்டி எதையும் தொடலீங்க, சத்தியமா."

விளக்க ஒரு வாக்கியம் போதும்.

"அப்படீங்களா. பார்த்துட்டுச் சொல்றனுங்க" என்று வைத்துவிட்டு, சாப்பிடப் போனேன்.